பரீட்சை அறையிலும் ஜாதிச் சங்கீதமா?

நமது பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் படிக்கவோ உத்தியோகம் பார்க்கவோ போவதென்றால், முதலில் ஐ.இ.எல்.டி.எஸ். என்கின்ற ஒரு இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டியிருக்கிறது என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1989 முதல் நடந்துவரும் இந்தப் பரீட்சைக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் மாத்திரமல்ல, குக்கிராமத்தில் கூலி வேலை செய்கிறவர்களுடைய பிள்ளைகளும் கடன் வாங்கிப் பணங்கட்டிப் போகிறார்கள். நன்றாய்ப் போகட்டும். கடல் தாண்டினால் ஜாதி கெட்டுப்போகும் என்று சாஸ்திரம் எழுதிவைத்துக் கொண்ட நாட்டில், கெட்டுப்போகிற ஜாதி சீக்கிரம் கெட்டுப்போகட்டும் என்பதுதான் நமது ஆசை. இங்கிலீஷ் படிப்பதைப் பற்றியும் நமக்கு ஆட்சேபணை கிடையாது. மண்வெட்டி எந்த ஊர்க் கொல்லன் அடித்ததென்று பார்த்தா நாம் வாங்குகிறோம்? வெட்டுகிறதா என்றுதானே பார்க்கிறோம்!

நாம் இன்று எழுத வந்தது அந்தப் பரீட்சையில் கேட்கப்படுகிற ஒரு சின்னக் கேள்வியைப் பற்றி. “உனக்கு எந்த விதமான பாட்டு பிடிக்கும்?” என்பதே அந்தக் கேள்வி. இதற்கு ஒரு பத்திரிகைக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் தயவு செய்து கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

விஷயந் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறோம். இந்தப் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள் உண்டு. பேச்சுப் பரீட்சைக்கு 11 முதல் 14 நிமிஷம். பரீட்சை செய்கிறவர் எதிரில் உட்கார்ந்து, வீடு, வேலை, படிப்பு, பொழுதுபோக்கு என்று பழக்கமான சங்கதிகளை முதல் நாலைந்து நிமிஷம் கேட்பார். பாட்டைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும். பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்லி, குறித்துக்கொள்ளக் காகிதமும் பென்சிலும் கொடுத்து, இரண்டு நிமிஷம் வரை தொடர்ந்து பேசச் சொல்லுவார். மூன்றாவதாக, அதையொட்டிக் கொஞ்சம் பெரிய விஷயங்களை விவாதிப்பார். இவ்வளவும் ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. மார்க்குப் போடுவது நான்கு காரியங்களுக்குத்தான்: தட்டுத்தடங்கலின்றித் தொடர்பாகப் பேசுகிறாயா, சொற்கள் போதுமான அளவு இருக்கின்றனவா, இலக்கணம் எப்படி, உச்சரிப்பு விளங்குகிறதா. இந்த நான்கு கலத்துக்குள் ‘என்ன பாட்டுப் பிடிக்கும் என்றான்’ என்பதற்கு ஒரு கலம் கிடையாது. ஒப்பாரி பிடிக்கும் என்றவனுக்கு ஒரு மார்க்குக் குறைவும், வீணை பிடிக்கும் என்றவனுக்கு ஒரு மார்க்கு அதிகமும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

அப்படியிருக்க, நமது ஊர்களில் நடப்பதென்ன?

சில மாதங்களுக்கு முன் டெல்டாப் பக்கத்து நகரம் ஒன்றில் உள்ள ஒரு பயிற்சிக் கூடத்துக்கு நாம் போக நேர்ந்தது. நமது இயக்கத் தோழர் ஒருவருடைய மகள் நர்ஸ் படிப்பு முடித்து இங்கிலாந்துக்குப் போக முயற்சி செய்கிறாள். அந்த நாட்டில் நர்ஸாகப் பதிந்துகொள்ள இந்தப் பரீட்சையில் பேச்சுக்கு 7 வாங்கியாக வேண்டும். தோழர் பறை வாசிக்கிறவர். அன்று அவருக்கு வெளியூரில் நிகழ்ச்சி இருந்ததால், துணைக்கு நம்மை அனுப்பினார். மாதிரிப் பரீட்சை நடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். முதற் பையன், தனக்கு ‘கிளாசிக்கல் மியூசிக்’ பிடிக்கும், அது தன் ஆத்மாவுக்குச் சாந்தி அளிக்கிறது என்றான். இரண்டாவது பெண்ணுக்கும் அதேதான், அவளுடைய ஆத்மாவுக்கும் சாந்தி. மூன்றாமவனுக்கும் அப்படியே. பதினோரு பேர் வரை எண்ணினோம். பதினோரு ஆத்மாவும் ஒரே சங்கீதத்தில், ஒரே வாக்கியத்தில், ஒரே இடத்தில் மூச்சு விட்டுச் சாந்தியடைந்தன. ஆத்மா என்று ஒன்று இருப்பதாக இவ்வளவு காலமாக நிரூபிக்க முடியாமல் தவிக்கிற வேதாந்திகள், அந்தக் கூடத்துக்குப் போனால் ஆளுக்கொன்றாகப் பார்த்துவிட்டு வரலாம்.

தோழருடைய மகளும் எழுந்து அதையே சொன்னாள். ஆசிரியருக்கு அன்று என்ன தோன்றிற்றோ, “எந்த ராகம் பிடிக்கும்?” என்று அச்சுத்தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார். பெண் வாயடைத்து நின்றாள். நெற்றி வேர்த்தது. “ஸாரி சார்” என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் கையிலிருந்த அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தோம். பாட்டு, சாப்பாடு, மழை, பூந்தோட்டம் என்று ஐம்பது அறுபது விஷயங்களுக்குப் பதில் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம்.

இதைப் பார்த்ததும் நமக்கு ஞாபகம் வந்தது புரோகிதன் சொல்லுகிற மந்திரம்தான். கலியாண வீட்டில் மாப்பிள்ளை என்ன செய்கிறான்? ஐயர் சொல்லுகிறதை அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்லுகிறான். சொன்னவருக்குத் தட்சணை. அர்த்தம் கேட்டால் கோபம். இந்தக் கூடத்திலும் அதுதானே நடக்கிறது? மந்திரம் இங்கிலீஷில் இருக்கிறது, தட்சணைக்கு ரசீது கொடுக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். சமஸ்கிருதத்தை வைத்துப் பிழைத்த புரோகிதத்தை ஒழிக்க நூறு வருஷமாகப் பாடுபட்ட நாம், இங்கிலீஷை வைத்துப் பிழைக்கிற புரோகிதத்துக்கு மாத்திரம் ஏன் தலையாட்ட வேண்டும்?

இந்த மந்திரமாவது பலிக்கிறதா என்றால் அதுவுமில்லை. பரீட்சை நடத்துகிறவர்கள் மார்க்குத் திட்டத்தைப் பகிரங்கமாக அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள், யாரும் வாசிக்கலாம். மனப்பாடம் செய்த சொற்றொடர்களைக் கொண்டு காலந்தள்ளுவது அதில் கீழ்ப்படிகளுக்கு உரிய லட்சணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மேல்படிக்காரன் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம். என்ன சொல்லுவது என்று யோசித்தால் அது குற்றமல்ல, எந்தச் சொல்லால் சொல்லுவது என்று அடிக்கடி தேடினால்தான் குறை. தன் அப்பன் வாசிக்கிற வாத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவள் விஷயத்தை யோசிப்பாள். அச்சுத்தாளை நம்பியவள் அடுத்த வரியைத் தேடுவாள். நாள் முழுதும் பேர்பேராய்க் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்?

அந்த அச்சுத்தாளின் லட்சணத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பிடித்த பாடகரின் பாட்டு ‘மியூசிக் டு மை இயர்ஸ்’ என்று பேச வேண்டுமென்றும், இது உயர்ந்த இங்கிலீஷ் என்றும், இதனால் மார்க்கு ஏறும் என்றும் அதில் போட்டிருந்தது. இங்கிலீஷ்காரன் அந்தச் சொற்றொடரை நல்ல சேதி கேட்ட சமயத்தில் சொல்லுகிறான். கடன் தள்ளுபடி என்று சொன்னால், சம்பளம் உயர்ந்தது என்று சொன்னால், ‘அது என் காதுக்குச் சங்கீதம்’ என்பான். சங்கீதத்தையே சங்கீதம் என்று சொல்ல அவனுக்கு ஒரு சொற்றொடர் தேவையில்லை. ‘காதில் தேன் வந்து பாய்ந்தது’ என்று நாம் நல்ல சேதிக்குச் சொல்லுவதைக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்காரன் தேன் குடிக்கும்போதெல்லாம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது இவர்கள் விற்கிற சரக்கு. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல், அகராதியைப் புரட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்ட நமக்கே இது தெரியும்போது, காசு வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை!

நிற்க, இந்த மனப்பாடத்தை வெறும் வியாபாரப் புரட்டு என்று மாத்திரம் சொல்லிவிட்டால் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். ஐம்பது அறுபது விஷயங்களுக்கு மனப்பாடம் செய்த பிள்ளைகள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் அச்சுத்தாளை மறந்து, மீன் குழம்பு என்றும் பழைய சோறு என்றும் தாராளமாகப் பேசினார்கள். பாட்டு என்று வந்தபோதுதான் ஒருவர் பாக்கியில்லாமல் ‘கிளாசிக்கல்’ என்றார்கள். அன்று மத்தியானம் அதே பிள்ளைகள் வராந்தாவில் நின்று கைப்பேசியில் என்ன கேட்டார்கள் என்று பார்த்தோம். கானாப் பாட்டும், சினிமாக் குத்துப் பாட்டும்தான். ஒருவன் கூட ஆலாபனை கேட்கவில்லை. ‘ஏனப்பா, இதை ஏன் உள்ளே சொல்லவில்லை?’ என்று கேட்டோம். “இதையெல்லாம் சொன்னா லோக்கலா இருக்கும் சார்” என்றான் ஒருவன்.

‘லோக்கல்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது வருணாசிரமம் முழுவதும். தன் தெருப் பாட்டைச் சொன்னால் தன் தெரு வெளியே தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் ஜாதி தெரிந்துவிடும். ஆகவே யாரோ ஒருவனுடைய பாட்டை எடுத்து மேலே போர்த்திக்கொள்ளுகிறான்.

சங்கீதத்தில் மேல் கீழ் என்று பிரித்தது யார்? காற்றிலே அலையாக வருகிற சத்தம் காதில் விழுகிறபோது, இது அக்கிரகாரத்து அலை, இது சேரி அலை என்று காது பிரிக்கிறதா? பிரித்தது சபாக்காரர்கள். 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்கு மாநாடு கூட்டித் தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழில் பாடுங்கள் என்று கேட்டபோது, ‘சங்கீதத்தின் தரம் போய்விடும்’ என்று கூக்குரலிட்டவர்கள் இவர்கள்தாம். அதற்குப் பிறகு 1943 இல் தமிழிசைச் சங்கம் என்று ஒன்றைத் தனியே ஏற்படுத்த வேண்டியிருந்தது. 1946 இல் திருவையாற்றுத் தியாகையர் உற்சவத்தில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடிவிட்டார் என்பதற்காக மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லப்பட்டதையும், அதைக் கண்டித்து ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் அப்போது இளைஞராயிருந்த மு. கருணாநிதி ‘குடிஅரசு’வில் எழுதியதையும் பழைய தோழர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். கோயில் வாசலில் மணிக்கணக்காக நாதசுரம் ஊதுகிறவன் பெரிய மனிதர் எதிரில் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில்தான் கட்டவேண்டும் என்று வைத்திருந்த நாடு இது. அவன் ஊதுகிற ராகம் உயர்ந்தது, ஊதுகிறவன் தாழ்ந்தவன்! இதற்கு என்ன கணக்கோ நமக்கு விளங்கவில்லை.

இதைவிட வேடிக்கை மிருதங்கம். அந்த மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத் தோல்வாரும். தோலை வாங்கிப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டிச் சுருதி சேர்த்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்களும், அவர்களில் கிறிஸ்தவரானவர்களும். செய்கிறவன் மேடைக்குக் கீழே, தட்டுகிறவன் மேடைக்கு மேலே. இதை எழுதி 2020 இல் டி. எம். கிருஷ்ணா என்கின்ற சங்கீத வித்வான் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அவரே பார்ப்பன சமூகத்தில் பிறந்தவர். புஸ்தகத்தை வெளியிட இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்திரம் கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. 2024 இல் அவருக்கு மியூசிக் அகாடமி விருது அறிவித்ததும், சில வித்வான்கள் தாங்கள் அங்கே பாடமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று பெரியாரைப் போற்றினார் என்பது. மாட்டுத்தோலைத் தொட்டால் தீட்டில்லை. அது மாட்டுத்தோல் என்று வாயால் சொன்னால் தீட்டு!

ஆகவே நமது பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம்: எந்தச் சங்கீதத்தின் பெயரைச் சொன்னால் மரியாதை என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அந்தச் சங்கீதத்தின் தாளம் உங்கள் பாட்டன் பதப்படுத்திய தோலில்தான் எழும்புகிறது.

இந்த இடத்தில் கர்நாடக சங்கீதத்தின்மேல் நமக்கு வெறுப்பு என்று யாரும் திரித்துக் கூற வேண்டாம். உண்மையிலேயே அதைக் கேட்டுப் பழகி அனுபவிக்கிற பிள்ளை தாராளமாக அதைச் சொல்லட்டும். அவனுக்கு ராகமும் தெரியும், மேல்கேள்வி கேட்டால் பதிலும் வரும். கேளாத பாட்டைக் கேட்டேன் என்பதைத்தான் கண்டிக்கிறோம்.

‘பரீட்சையில் உண்மையா பொய்யா என்று யாரும் சோதிப்பதில்லையே, சொன்னால் என்ன?’ என்று கூடத்துக்காரர் நம்மிடம் வாதாடினார். வாஸ்தவந்தான். சோதிப்பதில்லை. பொய் சொன்னால் நரகம் என்றும் நாம் பயமுறுத்தப் போவதில்லை. கற்பனை செய்து சரளமாகப் பேசக்கூடியவன் கற்பனையே செய்யட்டும், சந்தோஷம். ஆனால் சொந்தமாய்க் கற்பனை செய்வது வேறு, வெட்கத்தினால் ஒளிவது வேறு. ஒளிகிறவனுக்குக் குரல் எழும்பாது. எப்போது பிடிபடுவோமோ என்ற பயத்திலேயே பதினான்கு நிமிஷமும் போய்விடும். அந்தப் பெண் ‘ஸாரி சார்’ என்று உட்கார்ந்தாளே, அவள் இங்கிலீஷ் தெரியாமலா உட்கார்ந்தாள்?

இனி, இதைக்காட்டிலும் கனமான ஒரு ஆட்சேபணை இருக்கிறது. அதை நம் இயக்கத்துக்குள்ளேயே சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தட்டிக் கழிக்க நமக்கு மனமில்லை. பறை என்பது ஒரு ஜாதியின்மேல் சுமத்தப்பட்ட சாவு வேலை. பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ‘இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்’ என்று மறுத்து, அதற்காக அடிபட்டும் குடியிருப்பைக் கொளுத்தக் கொடுத்தும் விடுதலை பெற்றார்கள். அப்படியிருக்க அதைப் பெருமையாகப் பேசச் சொல்லுவது பழைய சங்கிலிக்குத் தங்க முலாம் பூசுவதாகாதா என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அடிக்க மாட்டேன் என்றவர்கள் பக்கம்தான் நாம் நின்றோம், இன்றும் நிற்கிறோம். ஊரார் கட்டளைக்கு ஒருவன் இலவசமாகவோ, படி நெல்லுக்கோ, பரம்பரைக் கடமை என்றோ வாசிப்பதாயிருந்தால் அந்தப் பறையைக் கிழித்தெறிவதே மேல். ஆனால் கட்டாயத்தை எறிவதும் கருவியை எறிவதும் ஒன்றாகாது. இன்று எந்த ஜாதிப் பிள்ளைகளும், பெண்களும், சுயமரியாதைக் கலியாணத்திலும் மாநாட்டிலும் பறை வாசிக்கிறார்கள். 2025 இல் அலங்காநல்லூர் வேலு ஆசான் என்ற பறைக் கலைஞருக்கு பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தினால் கிராமத்துத் தேனீர்க்கடை பெஞ்சு விசாலமாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. ஆனாலும், சொல்ல வெட்கப்பட்ட பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறிவிட்டது என்ற அளவில் அது லாபமே. இவ்வளவும் சொன்ன பிறகும், தன் அப்பன் பட்ட அவமானம் கண்முன் நிற்பதால் அந்தப் பெயரைச் சொல்ல விரும்பாத பிள்ளை ஒருவன் இருந்தால், அவனைச் சொல் சொல் என்று வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. எது பிடிக்குமோ அதைச் சொல்லட்டும், சினிமாப் பாட்டானாலும் சரி.

சினிமாப் பாட்டு என்றவுடன் முகஞ் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்டுக் கூட்டங்களில் பாடித் திரிந்த இளையராஜா, 2025 மார்ச்சு மாதம் லண்டன் நகரத்திலேயே தாம் எழுதிய சிம்பொனியை அரங்கேற்றினார். (அவருடைய பக்தியும் அவருடைய சாமியும் அவரோடு இருக்கட்டும், நமக்கு அதில் சம்மதமில்லை.) எந்த நாட்டுக்குப் போவதற்காக ‘சினிமாப் பாட்டுப் பிடிக்கும்’ என்று சொல்லக் கூசுகிறார்களோ, அந்த நாட்டு வாத்தியக்காரர்கள் அந்தச் சினிமாப் பாட்டுக்காரர் எழுதியதை எதிரில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள்.

இன்னொரு பைத்தியக்காரத்தனத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் ‘விசா பாலாஜி’ என்று ஒரு சாமி இருக்கிறது. வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, காரியம் முடிந்த பிறகு 108 சுற்றாம். நம் பிள்ளைகளும் ரயிலேறிப் போகிறார்கள். அந்தச் சாமிக்கு வெளிநாடு போக விசா வேண்டாமா, அது ஏன் இங்கேயே இருக்கிறது என்று நாம் கேட்கப் போவதில்லை. 108 சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் ஒரு தோழனை எதிரில் உட்கார வைத்து இங்கிலீஷில் பேசிப் பழகினால் வாயாவது திரும்பும் என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

பரீட்சை நடத்துகிற கம்பெனியாருக்கு நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாகவும் நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்குப் பதினாயிரத்துக்கு மேல் ரூபாய் வாங்கிக்கொண்டு, மார்க்கு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும் என்கிறார்கள். மனிதன் கற்ற பாஷை இரண்டாவது வருஷம் முடிந்த மறுநாள் மறந்துபோகிறதா? வியாபாரம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அறையைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பரீட்சை செய்கிறவர் வெள்ளைக்காரராயிருந்தாலும் நம் நாட்டவராயிருந்தாலும், அவர் மார்க்குப் போடுகிற கலம் நான்குதான். ஐந்தாவதாக ஜாதிக் கலம் கிடையாது. உச்சரிப்புக்கூட வெள்ளைக்காரன் மாதிரி இருக்கவேண்டுமென்பதில்லை; தமிழ் வாடை அடித்தாலும் கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் விளங்கினால் போதும் என்றே திட்டம் இருக்கிறது. ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்கிற நாட்டில், அதைக் கேட்காத அறை ஒன்று கிடைத்திருக்கும்போது, அதற்குள்ளும் நாமாகவே ஜாதியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயந்து நடுங்குவானேன்?

கூடத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, தோழருடைய மகளை நமது மன்றத்துப் படிப்பகத்துக்கு வரச் சொன்னோம். எதிரில் நாம் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியை நமது உடைந்த இங்கிலீஷில் கேட்டோம்.

“அப்பா வாசிக்கிறத சொல்லட்டுமா, சித்தப்பா?” என்று தமிழில் கேட்டாள்.

“உனக்குப் பிடிக்குமா?”

“சின்னதிலேர்ந்து அதைக் கேட்டுத்தானே தூங்கியிருக்கேன்.”

“அப்படியானால் சொல். உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம்.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆரம்பித்தாள். ‘ஐ லைக் தி பறை. இட் ஈஸ் எ ஃப்ரேம் டிரம். மை ஃபாதர் ப்ளேஸ் இட்’ என்றாள். மரச்சட்டம் எப்படி இருக்கும், மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு எப்படி ஒட்டுவார்கள், வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சியும் எப்படிப் பிடிப்பார்கள் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வாசிக்கு முன்னால் வைக்கோல் தீயில் காட்டுவதைச் சொன்னாள், ‘ஏன்?’ என்று குறுக்கே கேட்டோம். தோலில் ஈரம் இருந்தால் தளர்ந்து மொத்தென்று கேட்கும், சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகினால் கணீரென்று எழும்பும் என்றாள். நர்ஸுக்குப் படித்தவளல்லவா, அதிலே ‘ஹ்யூமிடிட்டி’ என்ற சொல் தானாக வந்து விழுந்தது. அச்சுத்தாளில் ‘அரிய சொற்கள்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தவற்றில் ஒன்றும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு இடத்தில் இலக்கணம் தவறிற்று. திருத்திக்கொண்டு மேலே போனாள். கடிகாரத்தைப் பார்த்தோம். இரண்டு நிமிஷத்தைத் தாண்டி மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து நேரே அங்கே வந்த தோழர், பறையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், மகள் இவ்வளவு நேரம் என்ன பேசினாள் என்று நம்மைக் கேட்டார். தமிழில் சொன்னோம். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தோழர், கோடையிலே தீ வேணாம், வெயில்ல கொஞ்ச நேரம் வச்சாலே போதும். அதை விட்டுட்டாளே” என்றார்.

மகள் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.